முன்பின் அறியாதவர்

சென்னை வானொலி நிலையத்தின் வாயிலிலிருந்து காமராசர் சாலை வழியே தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால், 1977-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கலங்கரை விளக்கத்தை அடையலாம். அதற்கு அப்பால் கடலோரமாக வளைந்து பட்டினப்பாக்கம் வரையில் ஒரு சாலை செல்கின்றது. மக்கள் அதனை 'லூப் ரோடு' என்று வழங்குவர். அச்சாலையின் ஓரத்தில் அமைந்த மீனவர் ஊர்தான் நொச்சிக்குப்பம். நொச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன், புறப்பொருள் வெண்பாமாலை பயின்றவர்களுக்கு மதிற்காவல் நினைவுக்கு வரும். நொச்சிப் பூச்சூடி நின்று, பகைவர் உள்ளே புகாதவாறு அரணைக் காத்தலே அத்திணையின் பொருள். இந்தக் குப்பத்திற்கோ மதிலும் இல்லை, வாயிற்கதவும் இல்லை. ஒரு புறம் கடல். மறு புறம் நகரம். இரண்டிலிருந்தும் எவர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் பெசன்ட் நகரிலுள்ள அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேற்றம் நிகழும். அன்று காவியுடை தரித்த மக்கள் நகரின் பல பகுதிகளிலிருந்தும் நடந்தே அவ்வாலயத்திற்குச் செல்வர். சாந்தோம் நெடுஞ்சாலை நிறைந்து வழியும்போது சிலர் இந்தக் கடலோரச் சாலையிலும் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு நாளின் மாலையில், நானும் அச்சாலை வழியே நடந்துகொண்டிருந்தேன். நான் யாத்திரிகன் அல்லன். சாந்தோம் பகுதியில் ஒரு மாணவர் கூட்டத்தில் ஆறு மணிக்கு உரையாற்றுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பேருந்து நெரிசலில் சிக்கித் தாமதித்தமையால், கலங்கரை விளக்கத்தருகே இறங்கி, விரைந்து நடந்தேன். கைக்கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியிருந்தது. நான் பேச வேண்டிய பொருள் யாது தெரியுமா? நல்ல சமாரியன் உவமை!

சாலையோரத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். காவிச் சேலை, கழுத்தில் செபமாலை, வெறுங்கால். வலக் கணுக்கால் நன்றாக வீங்கியிருந்தது. உடன் வந்தவர்கள் கூட்டத்தில் முன்னே போய்விட்டார்கள் போலும். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். 'இத்தனை பேர் செல்கின்றார்களே, எவரேனும் கவனித்துக்கொள்வார்கள்' என்று என் மனம் சொல்லிற்று. கால்கள் நிற்கவில்லை. இருபது அடி சென்றபின் ஏதோ உறுத்தவே திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தராசை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். மீன் பெட்டியிலிருந்து கைநிறையப் பனிக்கட்டிகளை அள்ளி, ஒரு பழந்துணியில் முடிந்து, மூதாட்டியின் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினாள்.

"ஆயா, மீன் நாத்தம் அடிக்கும். கொஞ்சம் பொறுத்துக்க" என்று அவள் சொன்னதும், மூதாட்டி வலியை மறந்து சிரித்ததும் என் காதில் விழுந்தன. நான் கூட்டத்திற்குச் சென்று, சமாரியனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். மாணவர்கள் கைதட்டினார்கள்.

மாணவ நண்பர்களே, அந்தக் கைதட்டலைப்போல் என்னை வருத்திய ஒலி பிறிதொன்றில்லை. அயலார்க்குச் செய்யும் சிறு உதவியில் கிறித்தவ நெறி ஒரு தனி மகிழ்ச்சியைக் காண்கின்றது என்று நான் பலமுறை பேசியவன். அந்த மகிழ்ச்சி எத்தகையது, அஃது ஏன் நம்மில் பலர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பதை அன்றைக்குப் பின்னரே சிந்திக்கலானேன். அச்சிந்தனையைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் 'கரா' என்பது. அருளைக் குறிக்கும் சொல் 'கரிஸ்'. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. கேளாமலே, விலையின்றி வருவது அருள். அதனைப் பெற்றவரும் கொடுத்தவரும் உணர்வது மகிழ்ச்சி. ஆதலால் கிறித்தவர் பேசும் மகிழ்ச்சி, நமக்கு வேண்டியது கிடைத்ததால் எழும் களிப்பு மட்டும் அன்று. ஒன்று நம் வழியாகப் பிறரிடம் சென்று சேரும்போது எழுவது அது. விருந்தோம்பலுக்கு அம்மொழியில் வழங்கும் சொல் இன்னும் சுவையானது. 'பிலோக்செனியா' என்பார்கள், அயலாரிடத்து அன்பு என்பது அதன் நேர்ப்பொருள். உறவினர்க்கு இலை போட்டால் அது பிலோக்செனியா ஆகாது.

நம் தமிழிலும் இவ்வாறே என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது. விருந்து என்றால் இன்று நமக்கு வடையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களைக் கூறுமிடத்து, புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கு விருந்து என்றே பெயரிட்டார். பின்னர் அது புதியவரைக் குறித்தது. அதன் பின்னரே அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்ச மலரைத் துணைக்கு அழைத்ததும் புதியவரின் மனம் எத்துணை மெல்லியது என்பதைக் காட்டுதற்கே. உறவினர் நம் முகவாட்டத்தைப் பொறுத்துக்கொள்வர், புதியவர் பொறார்.

ஏன் புதியவர்? நண்பனுக்கு உதவினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும், அதுவும் நன்றே. ஆயினும் நண்பனுக்கும் நமக்கும் இடையே ஒரு கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கின்றது. இன்று நான் உனக்குத் தேநீர் வாங்கித் தந்தால், நாளை நீ எனக்கு வாங்கித் தருவாய். விருந்து வைக்கும்போது திருப்பி அழைக்கும் வசதியுள்ளவர்களை அழைக்க வேண்டா, திருப்பிச் செய்ய இயலாதவர்களையே அழையுங்கள் என்று இயேசு பெருமான் கூறியதாக லூக்கா எழுதுகின்றார். இது கேட்பதற்குக் கடுமையான விதிபோல் தோன்றும். உண்மையில் அது கணக்கிலிருந்து நம்மை விடுவிக்கும் வழி. லூப் ரோட்டில் காலைக் காட்டி உட்கார்ந்திருந்த மூதாட்டி மீண்டும் அவ்வழியே வருவாரென்று எவர் சொல்ல முடியும்? பனிக்கட்டிக்கு விலை இல்லை. நன்றிக்கும் தவணை இல்லை. கொடுத்தது கொடுத்ததோடு முடிந்தது. அந்த முடிவிலேதான் ஒரு விடுதலை இருக்கின்றது.

அந்த மூதாட்டி நோக்கி நடந்த அன்னையின் வரலாறே இத்தகைய ஒரு சிறு செயலில் தொடங்குகின்றது. வேளாங்கண்ணியில் வழங்கும் மரபுச் செய்தி உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன் ஒருவன், நடுத்திட்டு என்னுமிடத்தில் ஆலமர நிழலில் அமர்ந்து மோர் விற்று வந்தான். குழந்தையை ஏந்திய ஓர் அன்னை அவன்முன் வந்து, குழந்தைக்குச் சிறிது மோர் கேட்டார். அவன் கொடுத்தான். பின்னர் அவன் கால் நலமடைந்ததும், கோயில் எழுந்ததும் எல்லோரும் அறிந்தவை. நான் இங்கே கவனிக்க விரும்புவது அதற்கு முந்திய கணத்தை. கேட்டவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. அற்புதம் நிகழப் போகின்றது என்பதும் தெரியாது. அவன் கண்டது வெயிலையும் ஒரு குழந்தையையுமே. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பல இலட்சம் மக்களை ஈர்க்கும் பெருந்திருத்தலம், அவர்தம் நம்பிக்கையின்படி, ஒரு குவளை மோரின்மேல் நிற்கின்றது!

மற்றொரு சான்றைச் சொல்கின்றேன். அதுவும் கடற்கரையில் நிகழ்ந்ததே. திருத்தூதர் பணிகள் என்னும் நூலின் இறுதிப் பகுதியில், கைதியாக உரோமைக்கு அனுப்பப்பட்ட பவுல் ஏறிச் சென்ற கப்பல் புயலில் உடைகின்றது. கப்பலில் 276 பேர். எல்லாரும் நீந்தியும் மரப்பலகைகளைப் பற்றியும் மால்தாத் தீவில் கரையேறுகின்றனர். மழை, குளிர். அத்தீவின் மக்கள் யூதரும் அல்லர், கிறித்தவரும் அல்லர், கிரேக்க மொழி பேசுவோரும் அல்லர். அவர்கள் வந்தவர்களின் ஊரையும் சமயத்தையும் கேட்கவில்லை. கைதி யார், காவலன் யார் என்றும் பார்க்கவில்லை. தீ மூட்டினார்கள். உலக வரலாற்றில் அந்தத் தீக்கு என்ன இடம்? ஒன்றுமில்லை. மறுநாள் காலை சாம்பலாகியிருக்கும். ஆனால் லூக்கா அதனை மறக்கவில்லை. பெரும் பயணங்களையும் பேரவை விவாதங்களையும் எழுதிய அதே கையால் அந்தத் தீயையும் எழுதி வைத்தார்.

இவ்விரு செய்திகளையும் சமாரியன் உவமையோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றவர்கள் இருவரும் கோயிற்பணி புரிவோர். உதவியவனோ அவர்களால் புறக்கணிக்கப்பட்ட இனத்தான். மால்தாவில் உதவியோர் வேற்றுச் சமயத்தார். இயேசு பெருமான் தம் மாணவர்க்கு அன்பைக் கற்பிக்கும்போது அவர்கள் கூட்டத்திற்கு வெளியே நின்றவனையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். எனவே கிறித்தவ மகிழ்ச்சி என்று நான் கூறுவது கிறித்தவர் மட்டும் நுகரும் உடைமை அன்று. பெரும்பாலும் கிறித்தவன் அதனைப் பிறரிடமிருந்தே கற்கின்றான். நான் கற்றது ஒரு மீன்காரப் பெண்ணிடம். அவள் வீட்டு மாடத்தில் இருப்பது மாரியம்மன் படம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இனி, அன்று நான் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு வருகின்றேன். இதற்கு விடை தேடியபோது, அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். படித்தபோது என் முகத்தையே கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளநூலறிஞர் இருவர் அதனை 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இறையியற் கல்லூரி மாணவர் நாற்பதின்மரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். பக்கத்துக் கட்டடத்திற்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றுமாறு ஒவ்வொருவரையும் தனித்தனியே அனுப்பினர். சிலருக்குக் கொடுத்த பொருள் நல்ல சமாரியன் உவமை. மற்றவர்க்கு வேலைவாய்ப்புப் பற்றிய பொருள். செல்லும் வழியில் ஒருவன் வாயிற்படியில் சாய்ந்து, இருமி, முனகிக்கொண்டிருந்தான். அவன் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள் என்பது மாணவர்க்குத் தெரியாது. நேரம் நிறைய இருக்கின்றது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். நேரம் சரியாக இருக்கின்றது என்று கேட்டவர்களுள் 45 பேர். தாமதமாகிவிட்டது, விரைந்து செல் என்று ஏவப்பட்டவர்களுள் 10 பேரே நின்றனர். பேச வேண்டிய பொருள் சமாரியன் உவமையா, வேலைவாய்ப்பா என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் தென்படவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசச் சென்றவர்களுள்ளேயே சிலர், கிடந்தவனைத் தாண்டிச் சென்றனராம்.

இந்த ஆய்வு சிறியது. நாற்பது பேரை வைத்து மனித குலத்தை அளந்துவிட முடியாது. ஆயினும் அது சுட்டும் திசை எனக்கு மெய்யாகவே தோன்றுகின்றது. நம்மைத் தடுப்பது பெரும்பாலும் கல்நெஞ்சம் அன்று, கடிகாரம். பேருந்தைப் பிடிக்கவும், வகுப்பிற்குச் செல்லவும், கைப்பேசிச் செய்திக்கு மறுமொழி அனுப்பவும் விரைகின்ற உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அயலான் எப்பொழுதும் நம் நேரத்தில் வருவதில்லை. அவனுடைய நேரத்தில் வருகின்றான். அவனுக்காக நிற்பது என்பது நம் மாலைப் பொழுதைச் சிறிது அவன் கையில் ஒப்படைப்பதாகும். மீன் விற்கும் பெண்ணுக்கு மட்டும் வேலை இல்லையா? மாலை நேரம் அவளுக்கு விற்பனை நேரம். பனிக்கட்டி குறைந்தால் மீன் கெடும். அவளுக்கு இருந்த அவசரம் என்னுடையதைவிடக் குறைந்ததன்று.

அச்சமும் ஒரு தடை. விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைய வேண்டிவரும் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவர்க்குப் பாதுகாப்புத் தந்தது. தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரை வற்புறுத்துதல் கூடாது. அச்சட்டம் அத்தகையவரை ஆங்கிலத்தில் 'குட் சமாரிட்டன்' என்றே பெயரிட்டு அழைக்கின்றது. விவிலியக் கதைமாந்தன் ஒருவன் இந்தியச் சட்ட நூலில் இடம்பெற்றுவிட்டான்! பெயர் சொல்லாமலே செல்லலாம் என்பதும் அவனுக்குப் பொருத்தமே. உவமையிலும் அவனுக்குப் பெயர் இல்லை.

இவற்றினும் நுட்பமான தடை ஒன்றுண்டு. 'நாம் செய்வது மிகச் சிறிது; இதனால் என்ன ஆகிவிடும்?' என்ற நாணம் அது. 2022-ஆம் ஆண்டில் அமித் குமார், நிக்கலஸ் எப்ளி என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை அழகாக விளக்குகின்றது. சிக்காகோ நகரில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடும் திடலுக்கு வந்தவர்களிடம் ஒரு கோப்பைச் சூடான சாக்கலேட்டுப் பானத்தைக் கொடுத்து, விருப்பமானால் அதனை அங்குள்ள அயலார் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றனர். கொடுத்தவர்கள் தாம் கொடுத்ததைச் சிறிதாக மதிப்பிட்டனர். பெற்றவர்களோ கொடுத்தவர் எண்ணியதைக் காட்டிலும் மிகுதியாக மகிழ்ந்தனர். கொடுப்பவன் பொருளை எடைபோடுகின்றான். பெறுபவன் அதிலுள்ள பரிவை எடைபோடுகின்றான். மால்தாத் தீவினருக்குத் தாம் மூட்டியது விறகுத் தீ. நனைந்து வந்தவர்களுக்கோ அது அவ்வளவில் நிற்கவில்லை.

கொடுப்பவன் மகிழ்வதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 2008-ஆம் ஆண்டில் எலிசபெத் டன் முதலியோர் கனடா நாட்டில் நடத்திய ஆய்வில், ஒரு நாட்காலை சிலரிடம் உறையிலிட்ட பணம் தரப்பட்டது. சிலருக்கு 5 டாலர். சிலருக்கு 20 டாலர். பாதிப் பேர் அதனைத் தமக்கே செலவிட வேண்டும். பாதிப் பேர் பிறருக்குச் செலவிட வேண்டும். மாலையில் வினவியபோது, பிறருக்குச் செலவிட்டவர்களே மிகுதியாக மகிழ்ந்திருந்தனர். ஐந்தா, இருபதா என்பது மகிழ்ச்சியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இவ்விடத்தில் அறிவுக்கூர்மையுள்ள ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, மகிழ்ச்சி கிடைக்கின்றது என்பதற்காக உதவினால், அதுவும் தன்னலந்தானே?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இதற்கு ஆய்வு விடை தராது. நற்செய்தி தருகின்றது என்றே எண்ணுகின்றேன். மத்தேயு எழுதிய இறுதித் தீர்ப்பின் காட்சியை நினைத்துப் பாருங்கள். பசித்தவனுக்கு உணவளித்தோரையும், அயலானை வீட்டில் சேர்த்துக்கொண்டோரையும் அரசர் பாராட்டுகின்றார். எனக்கே அதனைச் செய்தீர்கள் என்கின்றார். அவர்கள் என்ன செய்கின்றார்கள்? பெருமிதத்தோடு தலையசைக்கவில்லை. திகைக்கின்றார்கள். எப்போது செய்தோம் என்று கேட்கின்றார்கள். அவர்களுக்கு நினைவே இல்லை! இந்த மறதியைப்போல் என்னைக் கவர்ந்த பகுதி அக்காட்சியில் வேறில்லை. மகிழ்ச்சியைத் தேடிச் செய்தவன் எழுதி வைத்திருப்பான். தேடாமல் செய்தவனுக்கு எழுதி வைக்க என்ன இருக்கின்றது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கருத்தும் இதனையே குறிப்பதாகும். பிறர் காணாமல் மறைத்தல் அதில் ஒரு பாதி; தானே கணக்கு வைக்காமை மற்றொரு பாதி.

பிரெஞ்சு நாட்டு லிசியே நகரின் கார்மேல் மடத்தில் 24-ஆம் வயதில், 1897-இல் மறைந்த குழந்தை இயேசுவின் தெரேசாள் பெருஞ்செயல் எதனையும் செய்தவரல்லர். மடத்திலிருந்த முதிய துறவி ஒருவர் நடக்க மாட்டாதவர். எளிதில் சினம் கொள்பவர். ஒவ்வொரு மாலையும் அவரைக் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் சென்று, பிரியுமுன் ஒரு புன்னகை செய்வது தெரேசாளின் வழக்கம். இத்தகைய சிற்றன்பின் வழியைப் பற்றி அவர் எழுதி வைத்த ஏடுகளுக்காகவே 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் வரிசையில் சேர்த்தது. இங்கே அந்த முதியவர் அயலார் அல்லரே என்று கூறலாம். ஒரே கூரையின் கீழும் அயலார் உண்டு என்பதை விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

நொச்சிக்குப்பத்திற்கு மீண்டும் வருவோம். 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. வீடுகளும் படகுகளும் வலைகளும் அழிந்தன, உயிர்களும் போயின. உயிர் தப்பி ஓடிய மக்களுக்கு சாந்தோம் பேராலயம் தஞ்சமளித்தது. முன்பின் அறியாத நகர மக்கள் சோற்றுப் பொட்டலங்களும் போர்வைகளும் கொண்டு கடற்கரைக்கு வந்தனர். பதினோர் ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், அடையாறு பெருகி நகரத்தின் தெருக்களில் வெள்ளம் நின்றது. அப்போது சென்னைக் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளை நகருக்குள் கொண்டு சென்று, மாடிகளில் தவித்த மக்களை ஏற்றிக் கரை சேர்த்தனர். கடலுக்காகச் செய்த படகு தெருவில் ஓடினால் அடிப்பகுதி தேயும், இயந்திரம் பழுதுபடும். அவர்கள் அதனைப் பார்க்கவில்லை. 2004-இல் சோறு கொடுத்தவர் யார், 2015-இல் படகில் ஏறியவர் யார் என்று எவரும் ஒத்துப் பார்த்ததும் இல்லை.

ஒன்றை மட்டும் மறவாமற் சொல்ல வேண்டும். சிறு உதவி நீதிக்கு ஈடாகாது. 2023-ஆம் ஆண்டில் லூப் ரோட்டோரக் கடைகளை அகற்றும் வழக்கு எழுந்தபோது இம்மக்கள் தம் பிழைப்பிற்காகத் தெருவில் நின்று போராட நேர்ந்தது. 2024-இல் அவர்களுக்கென மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. உரிமை வேண்டியவர்க்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுதல் அன்பு ஆகாது. அவ்வாறே, ஆலயத்தில் தாராளமாகக் காணிக்கை போட்டுவிட்டு வந்து, வெயிலில் உட்கார்ந்திருக்கும் மீன்காரியிடம் பத்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் பேரம் பேசும் நம் வழக்கத்தையும் நான் இங்கே குறிப்பிடாமல் விட முடியவில்லை. அந்தப் பேரத்தை நானும் செய்திருக்கின்றேன்.

மறு ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் எனக்கு எந்தக் கூட்டமும் இல்லை. வேண்டுமென்றே எதனையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெரிய பாத்திரத்தில் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கே அச்சாலைக்குச் சென்றேன். அந்தப் பெண் அதே இடத்தில் சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடையருகே நிற்க இடம் கேட்டேன். "நில்லு சார், இதுக்கு இன்னா கேக்கறது?" என்று சொல்லித் தன் பிளாஸ்டிக்கு முக்காலியையும் தந்தாள். மோர் சூடேறுவதைக் கண்டு, கேளாமலே தன் பெட்டியிலிருந்து பனிக்கட்டிகளை எடுத்துத் தனியே ஒரு வாளியிலிட்டு, அதனுள் என் பாத்திரத்தை வைத்தாள். நடந்து வந்தவர்கள் குடித்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் சொல்லாமலே விரைந்தார்கள். என் சட்டையில் மீன் நாற்றம் ஏறிற்று. அன்று மாலை என் மனம் இருந்த நிலையை நான் வருணிக்க முயலவில்லை.

கூட்டம் குறைந்தபின், நெடுநாளாக மனத்தில் வைத்திருந்ததை அவளிடம் கேட்டேன். "அம்மா, போன வருஷம் இதே நாளில் கால் வீங்கிய ஒரு மூதாட்டிக்கு நீ ஒத்தடம் கொடுத்தாயே, அவர் பிறகு ஆலயம் போய்ச் சேர்ந்தாரா?"

அவள் மீனின்மேல் நீர் தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கிச் சற்று யோசித்தாள்.

"எந்த ஆயா, சார்?" என்றாள்.